கடும் ஓட்டத்தில் எஞ்சினைக் காக்கும் வகை

மலர்க்குழுவினர் எம்மிடமும் ஒரு கட்டுரை கேட்டபோது, சமயத்தையும் இலக்கியத்தையும் கல்லூரியின் வரலாற்றையும் பற்றி எழுத எம்மினும் தகுதி வாய்ந்த பெரியோர் பலர் இருத்தலின், எமக்கு ஓரளவேனும் பழக்கமான ஒரு பொருளை எடுத்துக்கொள்வதே முறையென எண்ணினோம். பரிசளிப்பு விழா நாளன்று கல்லூரி முன்றிலில் வந்து நிற்கும் வாகனங்களை நோக்குவோர்க்கு, நம்மவருட் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளை நம்பியே வாழ்கின்றனர் என்பது புலனாகும். ஆசிரியர் பள்ளிக்கு வருவதும், வங்கி ஊழியர் கடமைக்குச் செல்வதும், கமக்காரர் வெங்காய மூடையைச் சந்தைக்குக் கொண்டுபோவதும் அதன்மேலேதான். அத்துணை உழைக்கும் எஞ்சினைப் பற்றி நாம் அறிந்திருப்பதோ மிகச் சிறிது. அது நின்ற பின்னரே அதனை நினைக்கின்றோம்.

இப்பொருளை எடுத்துக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2012 ஆம் ஆண்டு சித்திரை விடுமுறையில், யாம் ஒரு மோட்டார் சைக்கிளிலும், நண்பர் ஒருவர் தம் தம்பியைப் பின்னிருத்தி மற்றொன்றிலுமாக யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியாவுக்குப் புறப்பட்டோம். நண்பருடையது 100 சி.சி. எஞ்சின். பரந்தனிற் பெற்றோல் நிரப்பியபோது ஒயிலையும் பார்த்துக்கொள்வதென்று வீட்டில் வைத்தே பேசியிருந்தோம். வெயில் ஏறுமுன் வவுனியாவைக் கடந்துவிட வேண்டுமென்ற அவசரத்தில் அதனைப் பார்க்கவில்லை. மாங்குளத்துக்கு அப்பால் வீதி நேரானது; போக்குவரத்தும் குறைவு. மணிக்கு 80 கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓடியிருப்போம். ஓமந்தையை அணுகும் வேளையில், முன்னே சென்ற நண்பரின் எஞ்சினிலிருந்து கீச்சென்றோர் ஒலி எழுந்தது. மறுகணமே பின்சில்லு சுழலாமல் நின்று, தார் வீதியிற் கரிய கோடொன்றை இழுத்துக்கொண்டு சென்றது. பின்னால் வந்த லொறிச் சாரதி வலப்புறம் வெட்டி ஒதுக்கியமையால் இருவரும் உயிர் தப்பினர். தம்பிக்குக் காறையெலும்பு முறிந்தது. சைக்கிளை நிமிர்த்தி ஒயிற் கோலை எடுத்துப் பார்த்தபோது, அதன் நுனியிற்கூட ஒயில் படவில்லை. பிழை முழுவதும் எம்முடையதே.

எஞ்சினுக்கு நேரும் சேதம் பணத்தோடு போகும் என்று எண்ணுவோர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். காரின் எஞ்சின் இறுகினால் கார் நிற்கும். மோட்டார் சைக்கிளின் எஞ்சின் இறுகினால், சங்கிலியால் அதனோடு பிணைக்கப்பட்ட பின்சில்லும் இறுகும். இரு சில்லுகளில் நிலைபெறும் வாகனத்தில் ஒன்று சுழலாதொழிந்தால் வீழ்ச்சி தூரத்தில் இல்லை.

எஞ்சின் ஏன் இறுகுகின்றது? விடையை நாம் எல்லோரும் கல்லூரியின் பௌதிகவியல் ஆய்வுகூடத்திற் கண்டிருக்கின்றோம். வளையத்தினூடே எளிதாகச் செல்லும் உலோகப் பந்தைச் சுவாலையிற் காய்ச்சினால், அது வளையத்தின்மேல் தங்கிவிடும். ஆறியபின் மறுபடியும் விழும். எஞ்சினுள் நிகழ்வதும் அதுவே. பந்தின் இடத்தில் அலுமினியத்தாலான பிஸ்ரன். வளையத்தின் இடத்தில் இரும்பு உள்ளுறையோடு கூடிய சிலிண்டர். (கலைச்சொல் அகராதிகள் பிஸ்ரனை முசலம் என்கின்றன. நல்ல சொல்தான், எனினும் கராஜிற் சென்று முசலம் பழுதென்று சொல்பவருக்கு யாரும் விடையிறுக்கமாட்டார் ஆதலின், ஈண்டுக் கராஜ் வழக்கையே கைக்கொள்கின்றோம்.) அலுமினியம் வெப்பத்தால் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரிகின்றது. 50 மில்லிமீற்றர் விட்டமுள்ள பிஸ்ரனின் வெப்பநிலை 100 பாகை உயர்ந்தால், விட்டம் 0.11 மில்லிமீற்றருக்குச் சற்று மேலாகப் பெருகும். சிலிண்டரும் அதே 100 பாகை உயர்ந்தாலும் அதன் துவாரம் 0.055 மில்லிமீற்றர் அளவே பெருகும். இவ்விரண்டுக்குமிடையே பொறியியலார் விட்டிருக்கும் இடைவெளியோ ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்குகள் சிலவே. இதனாலன்றோ பிஸ்ரனின் தலைப்பாகத்தை அடிப்பாகத்திலும் சற்று ஒடுக்கமாகக் கடைகின்றனர். தலையிலேயே சூடு மிகுதி. ஆயினும் அவர்கள் கணக்கிட்ட சூட்டுக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையைக் கடந்தால் இடைவெளி மறையும். ஒயிற் படலம் கிழியும். அலுமினியம் சிலிண்டர்ச் சுவரில் உரைந்து ஒட்டிக்கொள்ளும். கராஜ்க்காரர் 'சீஸ்' என்பது இதனையே.

நண்பரின் சைக்கிளிலிருந்து கழற்றிய பிஸ்ரனை, திருத்தியவரிடமிருந்து கேட்டு வாங்கி வைத்திருந்தோம். அதன் இரு பக்கங்களிலும் மேலிருந்து கீழாக நகத்தாற் கீறியதுபோன்ற ஆழமான வரைகள் உள. றிங்குகள் இரண்டும் உருகிய அலுமினியம் பூசப்பட்டுத் தம் தவாளிப்புகளில் அசையாமல் ஒட்டியுள்ளன. பத்துப் பக்கம் எழுதுவதினும் இதனை ஒருமுறை கையிலெடுத்துப் பார்ப்பது பயன் தரும்.

இனி, வெப்பம் எங்கிருந்து வருகின்றது, எவ்வழியே போகின்றது என்பதனை நோக்குவோம். நிமிடத்துக்கு 8,000 சுற்றுச் சுழலும் நாலடிப்பு எஞ்சினின் ஒற்றைச் சிலிண்டரில் நிமிடத்துக்கு 4,000 முறை, அதாவது செக்கனுக்கு 66 முறைக்கு மேல், தகனம் நிகழ்கின்றது. ஒவ்வொரு முறையும் வாயுவின் வெப்பநிலை 2,000 பாகை செல்சியசைக் கடக்கும். அலுமினியமோ 660 பாகையில் உருகுவது. அது உருகாதிருப்பதற்குக் காரணம், பெற்ற வெப்பத்தை இடைவிடாது பிறர்க்கு வழங்கிக்கொண்டிருப்பதே. றிங்குகள் வழியாகச் சிலிண்டர்ச் சுவருக்கும், அங்கிருந்து வெளிப்புறச் செதில்களுக்கும், செதில்களிலிருந்து எதிர்க்காற்றுக்கும் ஒரு பகுதி செல்கின்றது. மற்றொரு பகுதியை ஒயில் ஏந்திச் செல்கின்றது. ஒயில் உராய்வைத் தடுப்பதற்கே உள்ளது என்று பலர் எண்ணுகின்றனர். காற்றாற் குளிரும் எஞ்சினில் அது பாதி வைத்தியர், பாதி தண்ணீர் சுமப்பவர்.

அச்சிறிய எஞ்சின்களில் ஒயிலின் முழு அளவே ஏறக்குறைய ஒரு லீற்றர்தான். அதில் முந்நூறு மில்லிலீற்றர் குறைந்தால், எஞ்சிய ஒயில் ஓய்வின்றிச் சுற்றி, மேலும் சூடேறி, மேலும் நீர்த்துப்போகும். சூடேறிய ஒயில் நல்லெண்ணெய்போலாகி, றிங்குகளைக் கடந்து எரிந்தும் போகும். ஊருக்குள் மெல்ல ஓடும்போது மாதக் கணக்கிற் குறையாத ஒயில், நெடுவீதிக் கடும் ஓட்டத்தில் ஒரே நாளிற் குறைவது இதனாலேயே. ஆகவே நெடும் பயணத்திற் பெற்றோல் நிரப்பும் ஒவ்வோரிடத்திலும் ஒயிலையும் பார்த்தல் வேண்டும். பார்க்கும் முறையும் உண்டு: சைக்கிளைச் சமதரையில் நேராக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சில நிமிடம் பொறுத்த பின்னரே கோலைத் துடைத்து இட்டுப் பார்க்கலாம். பல யப்பானிய எஞ்சின்களிற் கோலை முறுக்காமல் வெறுமனே வைத்தே அளவிடுதல் வேண்டும். முறுக்கி அளந்தால் உள்ளதினும் மிகுதியாகக் காட்டும். சிலவற்றில் இதற்கு மாறான விதி. வாகனத்தோடு தரும் கைந்நூலைப் படிப்போர் நம்மவரில் அரியர் ஆதலின் இதனை எழுத நேர்ந்தது. காருக்கென விற்கும் ஒயிலை இடுவதும் தவறு. மோட்டார் சைக்கிளிற் பெரும்பாலும் கிளச்சும் கியரும் அதே ஒயிலிற் கிடப்பதால், உராய்வைக் குறைக்கும் சேர்மங்கள் கலந்த கார் ஒயில் கிளச்சை வழுக்கச் செய்யும். தகரத்தில் 'ஜாசோ எம்.ஏ.' என்ற குறி இருக்கின்றதா என்று பார்த்து வாங்குதல் நன்று.

கடும் ஓட்டம் என்றால் என்ன என்பதனையும் இங்கே தெளிவுபடுத்தல் வேண்டும். பந்தயக்காரர் செய்வதே கடும் ஓட்டம் என்று எண்ணிவிடலாகாது. 600 சி.சி. எஞ்சினுக்கு மணிக்கு 80 கிலோமீற்றர் உலாவுதல் போன்றது. 100 சி.சி. எஞ்சினுக்கு, இருவரையும் ஒரு பெட்டியையும் சுமந்துகொண்டு எதிர்க்காற்றில் அதே வேகத்தில் ஓடுதல், தன் வலுவின் பெரும்பகுதியையும் ஓய்வின்றி ஈதலாகும். காற்றைத் தள்ளுதற்கு வேண்டிய வலு வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மிகுகின்றது. 80 இலிருந்து 70 ஆகக் குறைத்தால் அவ்வலு மூன்றிலொரு பங்கு குறைகின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏறக்குறைய 320 கிலோமீற்றர். இடையில் நில்லாமல் 80 இல் ஓடினால் 4 மணி நேரம். 70 இல் ஓடினால் 4 மணி 34 நிமிடம். அந்த 34 நிமிடத்தை மிச்சப்படுத்தப் போய் யாம் இழந்தது, வவுனியா வைத்தியசாலை வாயிலில் ஒரு பகலும் ஓர் இரவும்.

சமவெளியிற் கடும் ஓட்டம் ஒரு வகை. மலையில் வேறொரு வகை. கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுவோர் ஏறக்குறைய 1,400 மீற்றர் உயர்கின்றனர். சைக்கிளும் இருவரும் பொதியுமாக 270 கிலோகிராம் என்று கொள்வோம். அதனை அவ்வுயரத்துக்குத் தூக்குதற்கு வேண்டிய வேலை 3,700 கிலோயூல். எஞ்சின் பெற்றோலின் சக்தியில் நாலிலொரு பங்கையே வேலையாக்குமாதலின், எஞ்சிய முக்காற் பங்காகிய 11,000 கிலோயூல் வெப்பமாக வெளியேறுதல் வேண்டும். 35 லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொணரப் போதிய வெப்பம் அது. இதிற் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும் என்பது உண்மையே. ஆயினும் மீதியைச் செதில்களே தாங்க வேண்டும். சமவெளியில் மணிக்கு 70 கிலோமீற்றரில் வீசிய காற்று, மலைவளைவுகளில் 20 ஆகக் குறைந்துவிடுகின்றது. வெப்பம் மிகும் இடத்திலேயே விசிறி நின்றுவிடுகின்றது என்க.

இவ்விடத்தில் நம்மவர் செய்யும் பெரும் பிழை ஒன்றுண்டு. எஞ்சின் இரைந்தால் அதற்கு நோவுமென்று எண்ணி, உயர்ந்த கியரிலேயே வைத்து அக்சிலேற்றரை முழுதும் திருகி, 'தடக் தடக்' என்று ஏற்றுவர். இரக்கத்தாற் செய்யும் இச்செயல் எஞ்சினுக்குப் பெருங் கொடுமையாகும். சுழற்சி குறைந்திருக்கையில் ஒயிற் பம்பு தள்ளும் ஒயிலும் குறைவு. சிலிண்டரினுள் அமுக்கமோ மிகுதி. ஒவ்வொரு தகனத்துக்கும் கிடைக்கும் நேரமும் மிகுதி. இவை மூன்றும் கூடும்போது, சுவாலை வந்து சேருமுன் மூலையில் எஞ்சியுள்ள கலவை தானே வெடிக்கின்றது. தகரப் பேணியிற் சிறு கற்களை இட்டுக் குலுக்கியதுபோன்ற ஓசை அப்போது கேட்கும். இதனையே 'நொக்கிங்' என்பர். அந்த ஓசை கேட்டவுடன் அக்சிலேற்றரைத் தளர்த்திக் கியரைக் குறைத்தல் வேண்டும். கேளாதார்போல் ஓட்டினால் பிஸ்ரனின் தலையிற் பொள்ளல்கள் தோன்றி, றிங்குகளுக்கு இடைப்பட்ட பகுதி உடையும். கியரைக் குறைத்து, எஞ்சின் தளர்வாக இரையும் அளவில், அக்சிலேற்றரை அரைவாசிக்கு மேற்படாது வைத்து ஏறுவதே முறை. எஞ்சின் சுழல அஞ்சுவதில்லை, அமுங்கவே அஞ்சுகின்றது.

நொக்கிங்கைப் பற்றி எழுதும்போது மண்ணெண்ணெய்க் காலத்தை நினையாமல் இருக்க முடியவில்லை. 1990 ஆம் ஆண்டின்பின் வடக்கிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்ட ஆண்டுகளில், இங்கு ஓடிய மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயிலேயே ஓடின. சிறு போத்தலிற் காத்து வைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குட் செலுத்தி எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெயிற் பிடித்துக்கொள்ளச் செய்த வித்தையை அக்கால மாணவர் எல்லோரும் அறிவர். சிறிய ஹொண்டா எஞ்சின்கள் அவ்வாறு ஆண்டுக்கணக்கில் உழைத்தமை வியப்பே. ஆயினும் அவை பட்ட பாட்டினைக் கூறாதிருத்தல் நன்றன்று. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் எண் பெற்றோலினும் மிகத் தாழ்ந்தது. ஆகவே சிறிது ஏற்றம் வந்தாலும் நொக்கிங் எழும். எளிதில் ஆவியாகாமையால், எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, ஒயிலோடு கலக்கும். ஒயில் குறையவில்லை, கூடித்தான் இருக்கின்றது என்று மகிழ்ந்தோரும் அக்காலத்தில் உளர்! கோலில் ஒயில் காரணமின்றி உயர்ந்திருப்பதும், முகர்ந்தால் எரிபொருள் மணப்பதும், ஒயில் குறைந்திருப்பதற்கு ஒப்பான அபாயக் குறிகளே. இக்காலத்திலும் காபரேற்றரின் மிதவை பழுதாகிப் பெற்றோல் உள்ளே ஒழுகினால் அதே நிலை நேரும். இப்போது 92, 95 என இருவகைப் பெற்றோல் விற்கப்படுகின்றன. கைந்நூல் 92 போதும் என்று கூறினால் 95 ஐ ஊற்றுவதால் எஞ்சின் வலுப்பெறாது. காசு குறைவதே மிச்சம். உயர்ந்த அமுக்க விகிதமுள்ள எஞ்சின்களுக்கே அது வேண்டுவது.

கலவையைப் பற்றியும் சில சொற்கள். காற்று மிகுந்து பெற்றோல் குறைந்த கலவை சூடு மிக்கது. சைலன்சரை மாற்றியும், காற்று வடிகட்டியைக் கழற்றி எறிந்தும், வேகம் கூடிவிட்டதென்று இளைஞர் சிலர் பெருமை பேசக் கேட்டிருக்கின்றோம். கூடியது ஓசையே. காபரேற்றரைத் திருத்தாமல் அவ்வாறு செய்தால் கலவை மெலிந்து, நெடுவீதியிற் பிஸ்ரன் வெந்துபோகும். அன்றியும், நமது செம்மண்ணின் தூசி கண்ணுக்கு மென்மையாகத் தோன்றினும் அதிலுள்ள மணற்றுகள்கள் இரும்பையும் தேய்க்கவல்லன. வடிகட்டியின்றி வன்னிப் புழுதியிற் சில நாள் ஓடிய எஞ்சின், நீலப் புகை விடத் தொடங்குவதைக் காணலாம். மலைநாட்டில் வாழ்வோர்க்கு இன்னொரு நுட்பம் உண்டு. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிற் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்திலும் ஆறிலொரு பங்கு குறைவு. ஆதலால் சமவெளிக்கென அமைத்த காபரேற்றர் அங்கே பெற்றோலை மிகுத்துக் கொடுக்கும். எஞ்சின் சற்று மந்தமாக ஓடுமேயன்றிச் சேதமுறாது. ஆனால் அங்குள்ளார் அதனைச் சீர்செய்வதற்காகச் சிறிய ஜெற்றை இட்டு, பின்பு விடுமுறைக்கு அதே சைக்கிளில் யாழ்ப்பாணம் நோக்கி வேகமாக ஓடினால், தம்புள்ளையைத் தாண்டியதும் கலவை மெலிந்து துன்பம் தொடங்கும். எரிபொருள் உட்செலுத்தும் புதிய எஞ்சின்கள் இத்திருத்தத்தைத் தாமே செய்துகொள்வன.

கலவையின் நிலையை அறியச் சிறந்த சான்று பிளக். கடுமையாக ஓடி நிறுத்தி, கைசுடாத அளவிற்கு ஆறியபின் கழற்றிப் பார்த்தால், அதன் நடு வெண்களிமண் மங்கிய கபில நிறமாயிருத்தல் நன்று. கரி படிந்திருந்தால் பெற்றோல் மிகுதி. சுண்ணாம்பு போல் வெளுத்து, சிறு மணிகள் ஒட்டியிருந்தால் எஞ்சின் வெந்துகொண்டிருக்கின்றது என்று பொருள். அம்மணிகள் பிஸ்ரனிலிருந்து வந்த அலுமினியமாகவும் இருத்தல் கூடும்.

சுழற்சியை மட்டுமீறி உயர்த்துவதும் தீங்கே. 50 மில்லிமீற்றர் வீச்சுள்ள எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 சுற்றில் ஓடும்போது, மேலெல்லையில் பிஸ்ரன் திரும்பும் கணத்தில் அதன் ஆர்முடுகல் புவியீர்ப்பினும் ஏறக்குறைய 2,800 மடங்காகின்றது. 100 கிராம் பிஸ்ரன் 280 கிலோகிராம் போல் இணைதண்டை இழுக்கின்றது. இவ்விசை சுழற்சியின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. 12,000 ஆனால் முன்னதினும் முக்காற் பங்குக்கு மேல் கூடிவிடும். வால்வுகளை மூடும் சுருள்வில்லும் அவ்வேகத்தைத் தொடரமாட்டாது பின்தங்க, திறந்த வால்வைப் பிஸ்ரன் சென்று மோதும். அக்சிலேற்றரால் இவ்வெல்லையைக் கடவாதபடி புதிய சைக்கிள்களில் மின்னணுக் காவல் உண்டு. ஆனால் இறக்கத்தில் வேகமாக வருகையிற் கியரைத் தவறுதலாக இரண்டு படி குறைத்துக் கிளச்சை விட்டால், சில்லே எஞ்சினைச் சுழற்றும். அதனைத் தடுக்க எக்காவலும் இல்லை. கடுகண்ணாவைபோன்ற இறக்கங்களில், இறங்கத் தொடங்குமுன்னரே ஏற்ற கியரைத் தெரிந்துகொள்ளல் வேண்டும்.

பழைய ஈரடிப்பு எஞ்சின்களை இன்னும் போற்றி வைத்திருக்கும் அன்பர்கள் சிலர் உளர். அவர்களுக்கு இறக்கமே பெரும் பகை. அவ்வெஞ்சின்களிற் பெற்றோலோடு கலந்து வரும் ஒயிலே பிஸ்ரனுக்குப் பாதுகாப்பு. நீண்ட இறக்கத்தில் அக்சிலேற்றரை மூடிவிட்டு கியரில் இறங்கினால், எஞ்சின் விரைந்து சுழன்றுகொண்டிருக்க, பெற்றோலும் வராது, ஒயிலும் வராது. எனவே இடையிடையே அக்சிலேற்றரைச் சற்றுத் திறந்து மூடுதலும், கிளச்சைப் பிடித்து எஞ்சினை மெல்லச் சுழலவிடுதலும் வேண்டும். இவ்வகைப் பந்தயச் சைக்கிள்களை ஓட்டியோர் இரு விரல்களை எப்போதும் கிளச்சின்மேல் வைத்திருந்தமை இறுகும் கணத்தில் சில்லை விடுவிப்பதற்கே. நாலடிப்பு எஞ்சினை ஓட்டுவோரும் இப்பழக்கத்தைக் கற்றுக்கொள்ளலாம் என்பது எம் கருத்து. பந்தயத்தைக் குறிப்பிட்டமையால் ஒன்று சொல்லத் தோன்றுகின்றது. 1959 இல் ஹொண்டா நிறுவனத்தார் மான் தீவுப் போட்டிக்கு முதன்முறையாகச் சென்றபோது 125 சி.சி. பிரிவிற் பெற்றவை ஆறாம், ஏழாம், எட்டாம் இடங்களே. ஆயினும் குழுப் பரிசு அவர்களுக்கே கிடைத்தது. அவர்களின் வண்டிகள் நடுவழியில் நில்லாமல் ஓடி முடித்தன. 1961 இல் 125, 250 சி.சி. ஆகிய இரு பிரிவுகளிலும் வென்றனர்.

எஞ்சின் இறுகுமுன் எச்சரிக்கும். அக்சிலேற்றர் அதே அளவில் இருக்க வேகம் தானே குறையும். எதிர்க்காற்று எழுந்ததோ என்று ஐயுறுவோம். ஓசை கரகரப்பாகும். காய்ந்த ஒயில் நாற்றம் வரும். நண்பர் பின்னர் நினைவுகூர்ந்தபடி, வீழ்ச்சிக்கு முன் அரை நிமிடமளவு அவருடைய சைக்கிள் 'கனத்தது'. அவர் அக்சிலேற்றரை மேலும் திருகினார். அவ்வாறு செய்யாமல், அக்கணமே கிளச்சைப் பிடித்து, அக்சிலேற்றரை மூடி, பின்வரும் வாகனங்களைக் கவனித்து ஓரத்தில் ஒதுங்குதல் வேண்டும். நின்றபின் கிக்கரை மிதித்துப் பார்க்கும் ஆசையை அடக்குக. சூடான செதில்களில் தண்ணீர் ஊற்றுவது நம்மூரில் வழக்கம். அது சிலிண்டரைக் கோணச் செய்யும், வெடிக்கவும் செய்யும். நிழலில் அரை மணி நேரம் தானே ஆறவிட்டு, ஒயிலைப் பார்த்து, குறைந்திருந்தால் நிரப்பி, கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்கிப் பார்க்கலாம். தடையின்றி அசைந்தால், மெல்ல ஓடி அடுத்த ஊரை அடையலாம். ஊரை அடைந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதென்று பயணத்தைத் தொடர்தல் தகாது. ஒருமுறை கீறப்பட்ட பிஸ்ரன் மறுமுறை விரைவிற் பிடிக்கும்.

புறப்படும் வேளையிலும் ஒரு நிமிடப் பொறுமை வேண்டும். காலையில் ஒயில் தடித்துக் கீழே தங்கியிருக்கும். இயக்கியவுடன் 'விர்' என்று இரையவிட்டால், பிஸ்ரன் சிலிண்டரிலும் முன்னதாகச் சூடேறி விரிவதால் குளிரிலேயே இறுகுதல் நேரும். நெடுநேரம் நின்ற இடத்தில் இரையவிடுவதும் வேண்டுவதில்லை. ஒரு நிமிடம் கழித்துப் புறப்பட்டு, முதற் சில கிலோமீற்றர் மெல்ல ஓடினாற் போதும். மாரி காலத்தில் வெள்ளம் பாயும் வீதிகளைக் கடப்போர் காற்று வடிகட்டியின் வாய் எவ்வுயரத்தில் இருக்கின்றது என்று அறிந்திருத்தல் நன்று. தண்ணீர் உள்ளே சென்றால் அது அமுங்காப் பொருளாதலின் இணைதண்டு வளையும். நடுவெள்ளத்தில் எஞ்சின் நின்றால் மறுபடி இயக்காமல் தள்ளிக்கொண்டு கரைசேர்ந்து, பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றிய பின்னரே கிக்கரை மிதித்தல் வேண்டும்.

நண்பரின் சைக்கிளுக்குச் சிலிண்டரைக் குடைந்து, ஓர் அளவு பெரிய பிஸ்ரனை இட்டனர். அவ்வாறு புதுக்கிய எஞ்சினையும் புதிய எஞ்சினைப்போலவே பழக்க வேண்டும். முதல் 500 கிலோமீற்றரில் அரை அக்சிலேற்றருக்கு மேற்படாமலும், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓடாமலும், ஏற்றத்தில் எஞ்சினை அமுக்காமலும் ஓட்டி, பின்பு ஒயிலை மாற்றி, சிறிது சிறிதாக வேகத்தைக் கூட்டினார். அப்போது வடித்த ஒயிலை வெயிலிற் பிடித்துப் பார்த்தபோது வெள்ளித் தூள் போல மினுங்கிற்று. றிங்குகளும் சுவரும் ஒன்றோடொன்று படிந்ததன் அடையாளம் அது. இரண்டாம் முறை வடித்ததில் மினுக்கம் இல்லை. அடுத்த சித்திரையில் அதே சைக்கிளில், தம்பியைப் பின்னிருத்தி, அவர் நுவரெலியாவுக்குச் சென்று வந்தார். பரந்தனில் ஒருமுறை, வவுனியாவில் ஒருமுறை, மாத்தளையில் ஒருமுறை, கண்டியில் ஒருமுறை என நான்கு இடங்களில் தம்பியே இறங்கிக் கோலைத் துடைத்துப் பார்த்தான் என்று கூறினார்.